நமது நாழிகை யார் கையில்?

“நேர முகாமைத்துவம்” என்றொரு புதுத்தொடர் இப்பொழுதெல்லாம் மன்னாரிலே அடிக்கடி காதில் விழுகின்றது. அதன் பெயரால் வகுப்புகள் நடைபெறுகின்றன. பலகையிலே வட்டங்களும் கட்டங்களும் வரையப்படுகின்றன. இருள் பிரியுமுன் எழுந்து வரம்பிலே நின்றுவிட்டு வந்த கமக்காரனுக்கும், இரவெல்லாம் கடலிலே கிடந்து கரையேறிய கடற்றொழிலாளிக்கும், நேரத்தை வீணாக்கலாகாது என்று மின்விசிறியின் கீழமர்ந்த கனவான்கள் போதிக்கின்றனர். போதனை நன்றே. ஆனால், அதைச் சொல்லவேண்டியவர் யார், கேட்கவேண்டியவர் யார் என்பது தலைகீழாகிவிட்டது என்பது நமது எண்ணம்.

இவ்வெண்ணம் நமக்கு எவ்வாறு வந்தது என்பதை மறைக்காமற் கூறிவிடுவோம். சில மாதங்களுக்கு முன், கட்டுக்கரைக் குளத்து நீரை நம்பிய ஊரொன்றிலே நடைபெற்ற கமக்காரர் கூட்டத்துக்கு நாம் பேச அழைக்கப்பட்டோம். அழைப்பிதழிற் கண்ட நேரம் காலை 9 மணி. எட்டே முக்காலுக்கே எண்பது பேர் வரையில் வந்து வாங்குகளில் அமர்ந்துவிட்டனர். பிரதம விருந்தினர் வந்து சேர்ந்ததோ 11.15க்கு. அவரைப் பழிக்க நமக்கு வாயில்லை. ஏனெனில் நாமும் பத்து மணிக்கே போனோம். “எப்படியும் பிந்தித்தானே தொடங்குவார்கள்” என்று கணக்கிட்டுக்கொண்டே போனோம். விளக்கேற்றல், மாலையிடல், வரவேற்புரை எல்லாம் முடிய நண்பகலாயிற்று. பின்னர் நாம் எழுந்தோம். நமக்குக் கொடுக்கப்பட்டிருந்த பொருள் “காலத்தின் அருமை”!

நாலு வசனம் பேசியிருக்கமாட்டோம். பின்வாங்கிலிருந்த முதியவரொருவர் சால்வையைத் தோளிலே போட்டுக்கொண்டு எழுந்தார். “ஐயா, குறை நினைக்கக்கூடாது. இண்டைக்கு மத்தியானம் என்ர வாய்க்காலுக்குத் தண்ணி முறை. நான் இஞ்ச இருந்தாலும் தண்ணி எனக்காக நிக்காது” என்று கும்பிட்டுவிட்டு நடந்தார். எவரும் சிரிக்கவில்லை. நாம் தொடர்ந்து பேசினோம். என்ன பேசினோம் என்பது நமக்கே நினைவில்லை.

அன்றிரவு கணக்கொன்று போட்டுப் பார்த்தோம். எண்பது பேர், ஆளுக்கு இரண்டேகால் மணி. மொத்தம் 180 மணி நேரம். நாளொன்றுக்கு எட்டு மணி உழைப்பென்று கொண்டால், இருபத்திரண்டு ஆட்களின் முழுநாள் உழைப்புக்கும் மேலாகின்றது. ஒருவனுடைய களஞ்சியத்தை உடைத்து, இருபத்திரண்டு ஆட்கூலிக்குப் பெறுமதியான நெல்லை அள்ளிச் சென்றால், சட்டம் அதனைக் களவு என்கின்றது. சட்டத்தரணிகளாகிய நாமும் அங்கி தரித்து அவ்வழக்கிலே தோன்றுகின்றோம். ஆனால் அதே பெறுமதியான நாழிகையை ஓர் ஊரிடமிருந்து அள்ளிச் சென்றால், அதற்கு நமது மொழியிலே “சுணக்கம்” என்று பெயர். சுணங்கியவருக்கு மாலை, காத்திருந்தவனுக்குப் போதனை!

ஆகவே இக்கட்டுரையிலே நாம் நாட்ட விரும்புவது ஒன்றே. மன்னார் மக்களுக்கு நேரத்தை ஆளத் தெரியும். அவர்களை ஆளவிடாமற் குறுக்கே நிற்பவர்கள் பிறர். அப்பிறருள் அரசும் உண்டு. அயற்கடலோரின் இழுவைப்படகும் உண்டு. ஆயினும் மிக அருகில் நிற்பவர்கள் படித்தோராகிய நாமே.

கடல் கற்பித்த கணக்கு

மக்களைப் புகழ்ந்து கைதட்டல் வாங்குவதற்காக இதனைக் கூறவில்லை. சான்று வேண்டுவோர் அரிப்புக் கடற்கரைக்குச் சென்று பார்க்கலாம். ஆளுநர் நோர்த், முத்துக்குளிப்பைப் பார்வையிடத் தங்குவதற்கெனப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே கட்டிய மாளிகையின் இடிபாடு அங்கே கடலரிப்புக்கு இரையாகி நிற்கின்றது. அக்காலத்து முத்துக்குளிப்பை நேரிற் கண்ட பேர்சிவல் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி, 1803இல் வெளியிட்ட நூலிலே அதனை விரித்துரைக்கின்றார்.

இரவு பத்து மணியளவில் அரிப்பிலிருந்து பீரங்கி ஒலிக்கும். அவ்வொலி கேட்டதும் படகுகள் எல்லாம் ஒருங்கே, தரைக்காற்றைப் பிடித்துக்கொண்டு புறப்படும். விடியுமுன் முத்துப்படுகையை அடைந்து காத்திருக்கும். கதிரவன் எழுந்ததும் குளிப்புத் தொடங்கும். நண்பகலிலே கடற்காற்றுத் திரும்பும். அத்துடன் வேலை நிறுத்தப்பட்டுப் படகுகள் கரை நோக்கும். போகும்போது ஒரு காற்று, வரும்போது ஒரு காற்று. ஒரு நாழிகை சுணங்கினாலும் துடுப்புப் போட்டே ஊர் சேரவேண்டும். படகொன்றிலே குளிப்போர் பதின்மர். ஒரு வேளையில் ஐவர் இறங்க, மற்றை ஐவர் மேலேயிருந்து மூச்சு வாங்குவர். பின்னர் முறை மாறும். ஒரு மூழ்கலுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம். நாளொன்றுக்கு நாற்பது ஐம்பது மூழ்கல். உழைப்புக்கு ஒரு முறை, ஓய்வுக்கு ஒரு முறை என்று வகுத்துக்கொண்ட அம்மனிதருக்கு, இன்றைய வகுப்பறை வட்டங்கள் எதைக் கற்பிக்கப்போகின்றன?

அதே கடலிலே காலமறியாது கெட்டவர்களும் உளர். 1905ஆம் ஆண்டின் முத்துக்குளிப்பிலே எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் அள்ளப்பட்டன. அதைக் கண்டு ஆசை பெருகிய இலண்டன் முதலாளிகள் கம்பனியொன்று கூட்டி, 1906இலே இருபது ஆண்டுக்குப் படுகைகளைக் குத்தகைக்கு எடுத்தனர். 1907க்குப் பின் சிப்பி பொய்த்தது. குத்தகைக் காலம் முடியுமுன்னரே கம்பனி முடிந்தது. சிப்பி முதிர்வதற்கு ஆண்டுகள் வேண்டும். பங்குதாரரின் ஆண்டுக் கணக்குக்காக அது அவசரப்படுவதில்லை. விரைதல் மட்டும் காலமறிதலாகாது. பொறுக்கவேண்டிய இடத்திலே பொறுத்தலும் அதுவேயாம்.

குளத்துக் கட்டிலே ஓர் ஒழுங்கு

கடலைவிட்டு நிலத்துக்கு வருவோம். அருவியாற்று நீர் தேக்கம் அணையிலே மறிக்கப்பட்டுக் கட்டுக்கரைக் குளத்துக்கு வருகின்றது. அங்கிருந்து வாய்க்கால்கள் வழியாகச் சிறு குளங்கள் பலவற்றுக்கும், முருங்கன், நானாட்டான், அடம்பன், மாந்தை வயல்களுக்கும் பிரிகின்றது. காலபோகமோ சிறுபோகமோ, தொடங்குமுன் கமக்காரர் கூட்டம் கூடுகின்றது. முதல் தண்ணீர் எப்பொழுது, விதைப்புக்குக் கடைசி நாள் எது, கால்நடைகளை அப்புறப்படுத்தவேண்டிய நாள் எது, துருசு பூட்டும் நாள் எது என்றெல்லாம் அங்கே தீர்மானிக்கப்படுகின்றது. சிறுபோகமாயின், குளத்தில் நிற்கும் நீரை அளந்து, எத்தனை ஏக்கருக்கு அது போதும் என்பதும் தீர்மானிக்கப்படுகின்றது.

இதைவிடச் சிறந்த நேரச் சட்டம் ஏது? குறித்த நாளிலே விதைக்காதவனுடைய பயிர், மற்றவர் பயிர் முற்றும்போது குடலையிலே நிற்கும். துருசு பூட்டப்படும், அவன் பயிர் வாடும். அவனுக்காகத் துருசைத் திறந்து வைத்தாலோ அடுத்த போகத்து நீர் வற்றும். ஒருவனுடைய சுணக்கம் ஊருடைய சுணக்கமாகும் என்பதைக் கமக்காரன் பலகையிலே எழுதிப் படித்தவனல்லன், பட்டுப் படித்தவன். வாய்க்காலின் கடைக்கோடியிலே வயலுள்ளவன் நள்ளிரவிலும் மண்வெட்டியோடு முறைக்குக் காத்து நிற்பதைப் பார்த்தவர், தமிழனுக்கு நேர உணர்ச்சி கிடையாது என்று ஒருபோதும் சொல்லத் துணியார்.

வள்ளுவர் “காலமறிதல்” என்பதை 49ஆம் அதிகாரமாக வைத்தார். எங்கே வைத்தார்? துறவியலிலா, இல்லறவியலிலா? இல்லை. பொருட்பாலிலே, அரசியல் என்ற பகுதியிலே, “வலியறிதல்” ஒருபுறமும் “இடனறிதல்” மறுபுறமும் நிற்க, நடுவே வைத்தார். ஆளப்படுகிறவனுக்கு உபதேசமாகவன்று, ஆள்கிறவனுக்குக் கடமையாகவே அதனை விதித்தார். இன்று நாம் அதனைத் திருப்பிப் பிடித்திருக்கின்றோம்.

மணிக்கூட்டை ஆண்டவர்கள்

நேரம் என்பது எத்துணை அரசியற் பொருள் என்பதை அண்மைய வரலாறே நமக்கு உணர்த்தியது. 1996 மே மாதத்திலே, மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்கென்று, இலங்கை அரசு நாட்டின் மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அதே ஆண்டு ஒக்ரோபரில் அரை மணியைத் திருப்பிக் கொடுத்தது. மிகுதி அரை மணி 2006 ஏப்ரலிலேதான் திரும்பி வந்தது. விடுதலைப் புலிகளின் ஆட்சியிலிருந்த பகுதிகள் இம்மாற்றத்தை ஏற்கவில்லை. ஆகவே ஒரே மன்னார் மாவட்டத்திலே “பழைய நேரம்”, “புதிய நேரம்” என்று இரு நேரங்கள் நிலவின. 2002 போர்நிறுத்தத்தின் பின், உயிலங்குளச் சாவடியைத் தாண்டியவர் எல்லாம் சாவடியோடு மணியையும் தாண்டினர். பஸ் எட்டு மணிக்கு என்றால், எந்த எட்டு மணி என்று கேட்கவேண்டியிருந்தது. நெற்பயிரோ இரண்டையும் பொருட்படுத்தாமல் கதிரவனையே பார்த்துக் கதிர் விட்டது.

அரைமணி போனால் போகட்டும். போன ஆண்டுகளுக்கு யார் கணக்குக் கொடுப்பது? 1990 ஒக்ரோபரிலே இம்மாவட்டத்து முஸ்லிம் மக்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். எருக்கலம்பிட்டியிலும் முசலியிலும் தலைமுறைகளாக வாழ்ந்தோர் புத்தளத்துக் குடிசைகளிலே ஆண்டுக்கணக்காய்க் காத்துக் கிடந்தனர். 2007இலிருந்து 2009 வரை பெருநிலத்துத் தமிழ் மக்கள் இராணுவம் முன்னேற முன்னேற, ஊர் ஊராகப் பெயர்ந்து, ஈற்றிலே முட்கம்பிக்குள் அடைக்கப்பட்டனர். இழைத்தவர் எவராயினும் இழப்பு இழப்பே. இத்தனை காலம் பறிகொடுத்த தமிழ் பேசும் மக்களிடம் மேலும் ஒரு நாளைக் காரணமின்றிப் பறிப்பது, வெந்த புண்ணிலே வேல் பாய்ச்சுவதாகும்.

உழைப்பவனுடைய நேரத்துக்காகவே உலகத்திலே பெரும் போராட்டங்கள் நடந்தன. எட்டு மணி நேர வேலை என்ற கோரிக்கைக்காக 1886 மே மாதத்திலே சிக்காகோ நகரத் தொழிலாளர் இரத்தம் சிந்தினர். 1919இலே சர்வதேசத் தொழில் நிறுவனத்தின் முதலாவது உடன்படிக்கையே நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என வரையறுத்தது. 1923 மே 1ஆம் நாள் சிங்காரவேலர் சென்னையிலே மே தினத்தைக் கொண்டாடினார். ஆலைத் தொழிலாளிக்கு எதிரிலே முதலாளி இருந்தான். அவனை எதிர்த்துக் கதவடைக்க முடிந்தது. நமது கமக்காரனும் கடற்றொழிலாளியும் யாரை எதிர்த்துக் கதவடைப்பர்? அவர்களுடைய நேரம் ஒரே கையாற் பறிக்கப்படுவதில்லை. கந்தோரிலே அரை நாள், நீதிமன்றிலே ஒரு நாள், கூட்டத்திலே ஒரு காலை என்று எலி கரம்பிய மூட்டைபோற் சிந்திப் போகின்றது.

மூன்று இரவுகளும் ஒரு கடிதமும்

பறிப்போரைப் பெயர் சொல்லிச் சுட்டவேண்டும். மன்னார்க் கடலிலே, வாரத்தில் மூன்று நாள் அக்கரை இழுவைப்படகுகள் வருகின்றன. அந்நாட்களிலே வலையை இறக்கினால் வலையே போய்விடும் என்று பேசாலை, தலைமன்னார்த் தொழிலாளர் பலர் கரையிலே இருந்துவிடுகின்றனர். ஏழு நாளில் மூன்று நாள்! எந்தப் பயிற்சி வகுப்பு அந்த மூன்று இரவுகளை அவர்களுக்கு மீட்டுக் கொடுக்கும்? அடிமட்ட இழுவை முறையைத் தடைசெய்யும் சட்டம் 2017இலே கொழும்பில் நிறைவேறியது. தமிழ்நாட்டிலோ ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன் பெருகட்டும் என்று 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை உண்டு. அந்த 61 நாளும் நம் கரையும் மூச்சுவிடுகின்றது. அக்கரைத் தொழிலாளி நமக்கு அந்நியனல்லன். அவனும் தமிழனே, அவனும் படகுச் சொந்தக்காரரின் கூலிக்காரனே. ஆகவேதான் இதனைத் துப்பாக்கியால் அன்று, இரு கரைத் தொழிலாளரும் ஒரே பாயிலமர்ந்து, நாளையும் எல்லையையும் வகுத்து முடிக்கவேண்டும் என்கின்றோம்.

அடுத்தது கந்தோர். 1987, 1988ஆம் ஆண்டுகளின் அரசியலமைப்புத் திருத்தங்களுக்குப் பின் தமிழும் ஆட்சிமொழி, தமிழும் நிருவாகமொழி என்று ஏட்டிலே எழுதியிருக்கின்றது. ஆயினும் கொழும்பிலிருந்து வரும் கடிதம் தனிச் சிங்களத்திலே வருமாயின், அதனை வாசிப்பிக்க ஆள் தேடுவதில் ஒரு காலை போகின்றது. பதில் எழுதுவிக்க இன்னொரு காலை. இந்தத் தொல்லையை எதிர்த்தன்றோ 1961 பெப்ரவரி 20ஆம் நாள் யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலிலே தந்தை செல்வாவும் தொண்டர்களும் அமர்ந்தனர்? அச்சத்தியாக்கிரகம் மன்னார்க் கச்சேரி வாயிலுக்கும் பரவியது. மொழி உரிமை என்பது மானத்துக்காக மட்டுமன்று. ஏழையின் ஒரு நாட் பொழுதுக்காகவும் கேட்கப்பட்டது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

அதிகாரிக்குத் தவணை விதிக்க முடியாது என்று எவரேனும் கூறின், சட்டமே அவருக்கு விடை. 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம், கேட்கப்பட்ட தகவலைக் கொடுப்பதா இல்லையா என்பதைப் பதினான்கு வேலைநாட்களுக்குள் முடிவுசெய்ய வேண்டும் என்கின்றது. ஒரு கடமைக்கு நாள் குறிக்க முடியுமாயின், காணி அனுமதிப்பத்திரத்துக்கும் உரமானியத்துக்கும் ஏன் குறிக்க முடியாது?

நமது சொந்த வீட்டுக் குப்பை

இவ்வளவும் கூறிவிட்டு நமது தொழிலை மட்டும் தப்பவிட்டால், இப்பத்திரிகையை வாசிக்கும் கமக்காரர் நம்மை நோக்கி நகைப்பர். நகைக்கவும் வேண்டும்.

காணி வழக்கொன்றிலே சிலாபத்துறைப் பக்கத்துக் கடற்றொழிலாளி ஒருவருக்காக நாம் தோன்றினோம். தவணை நாளிலே அவர் இரண்டு பஸ் மாறி, விடியற்காலை வந்து வாயிலில் நின்றார். நமக்கு அன்று வேறோரிடத்திலே அலுவல். முதல் நாளே அதனை அறிவோம். ஆயினும் இளையவர் ஒருவரை அனுப்பித் தவணை கேட்பித்தோம். வழக்கு அழைக்கப்பட்டது, தவணை வழங்கப்பட்டது, ஒரு நிமிடமும் ஆகவில்லை. முத்துக்குளிப்போன் ஒரு முறை மூழ்கும் நேரம்! அந்த ஒரு நிமிடத்துக்காக அவர் ஒரு நாட் பிடியை விட்டு வந்திருந்தார். மறுமுறை கண்டபோது அவர் நம்மைக் குறைகூறவில்லை. “ஐயாவுக்கு எத்தனை வேலை” என்றே சொன்னார். அச்சொல் நம்மைச் சுட்டதுபோல எந்த வசையும் சுட்டிருக்காது. முதல் நாள் மாலையிலே தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருடைய ஒரு நாள் மிஞ்சியிருக்கும். அந்த ஒரு வார்த்தைக்கு நமக்கு நேரமில்லாமற் போயிற்று. ஆனால் அதே மாலை அதே தொலைபேசியிலே, யாரோ அனுப்பிய வேடிக்கைப் படங்களைப் பார்க்க நேரம் இருந்தது.

கைத்தொலைபேசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதனைப் பழித்துப் பயனில்லை. கடலிலே காற்று மாறுமா என்பதையும், குளத்திலே துருசு திறந்ததா என்பதையும் அதுவே நமக்குச் சொல்லுகின்றது. கெடுதி கருவியில் இல்லை. அது கூப்பிடும்போதெல்லாம் நாம் ஓடுவதிலே இருக்கின்றது. வாட்ஸ்அப் குழு என்பது தண்ணீர் அறிவித்தலுக்காகத் தொடங்கப்படுகின்றது. ஒரு மாதத்தில் அது காலை வணக்கங்களாலும் கட்சிச் சண்டைகளாலும் நிறைகின்றது. பின்னர் உண்மையான தண்ணீர் அறிவித்தல் வரும்போது அதனை எவரும் பார்ப்பதில்லை. ஓநாய் வந்தது, ஓநாய் வந்தது என்று கூவிய சிறுவனின் கதையே இது. நாற்பது பக்க உறுதியொன்றைப் படிக்க உட்காரும் சட்டத்தரணி, பத்துப் பக்கத்திலே மூன்று முறை தொலைபேசியைத் தூக்கினால், எல்லைக் குறிப்பிலே ஒரு பிழை தப்பிவிடும். அப்பிழையிலிருந்து பத்தாண்டு வழக்கு முளைக்கும். பிள்ளையின் படிப்பை மேற்பார்க்க உட்கார்ந்த தகப்பன் முகநூலைப் பார்த்திருந்தால், பிள்ளை எதைப் பார்க்கக் கற்கும்?

இனி, குறுக்கீடு எல்லாம் கேடு என்று கொள்ளுதலும் தவறு. செத்த வீட்டுக்குப் போவது நேர விரயமன்று. குளக்கட்டு உடைந்தது என்று நள்ளிரவிலே கதவைத் தட்டுகின்றவன் நமது அமைதியைக் குலைப்பவனல்லன். ஓகஸ்ட் 15இலே மடுத் திருவிழாவுக்கும், சிவராத்திரியிலே திருக்கேதீச்சரத்துக்கும் போகின்றவனை நோக்கி “உற்பத்தி குறைகின்றது” என்பவன் மனிதனை மாடாக எண்ணுபவன். முத்துக்குளிப்போரில் ஐவர் மேலேயிருந்து மூச்சு வாங்கியதும் வேலையின் பகுதியே. நாம் எதிர்ப்பது ஓய்வையன்று, உறவையன்று. ஒருவனுடைய பொழுதை அவனைக் கேளாமல் மற்றொருவன் செலவழிப்பதையே எதிர்க்கின்றோம்.

செய்யவேண்டியவை

வெறும் கண்டனத்தோடு நிறுத்துவது நமக்கு வழக்கமன்று. ஆகவே, படித்தோரும் பொதுப்பணியாளரும் இன்றிலிருந்தே கைக்கொள்ளத்தக்க சிலவற்றை முன்வைக்கின்றோம்.

முதலாவது, கூட்டங்கள். அழைப்பிதழிலே தொடங்கும் நேரத்தோடு முடியும் நேரமும் அச்சிடப்படட்டும். குறித்த மணிக்குக் கூட்டம் தொடங்கவேண்டும், எவர் வராவிடினும். பிரதம விருந்தினர் பிந்தினால், ஊர்க் கமக்காரர் ஒருவரே முதலிற் பேசட்டும். விருந்தினர் வந்து பின்வாங்கில் அமரட்டும். இரண்டு முறை அவ்வாறு அமர்ந்தவர் மூன்றாம் முறை நேரத்துக்கு வருவார். வாராராயின், அவரில்லாமலே கூட்டம் நடக்கும் என்பதை ஊர் கண்டுகொள்ளும், அதுவும் நன்மையே.

இரண்டாவது, சட்டத்தரணிகள். வழக்கு விளங்கப்படாது என்று தெரிந்தால், அதனை முதல் நாளே கட்சிக்காரருக்கு அறிவிப்பதும், அவர் வரவேண்டுமா வேண்டாமா என்பதைத் தெளிவாகச் சொல்வதும் நமது தொழிற் கடமை. நமது வசதிக்காகத் தவணை கேட்பதை அறவே விடுவோம். பயிர் விதைப்புக்கும் அறுவடைக்கும் உரிய வாரங்களிலே கமக்காரரின் தவணை நாள் விழாமற் பார்த்து நாள் கேட்பதற்கு, நம்மிடம் ஒரு பயிர் நாட்காட்டி இருந்தாற் போதும்.

மூன்றாவது, கந்தோர்கள். எந்த விண்ணப்பத்துக்கு எந்தப் பத்திரங்கள் வேண்டும் என்பது தமிழிலே, வாயிற் சுவரிலே எழுதப்படவேண்டும். “இது குறைகின்றது, நாளைக்கு வா” என்பதை ஒரே முறையில் சொல்லி முடிக்கவேண்டும். உத்தியோகத்தர் வெளிக்கள வேலைக்குப் போகும் நாட்களை முன்கூட்டியே பலகையில் அறிவிக்கவேண்டும். இதற்குப் புதுச் சட்டமும் வேண்டாம், பெரும் பணமும் வேண்டாம். ஒரு சுண்ணக்கட்டி போதும்.

நான்காவது, நாமும் நமது மேசையும். காலையில் முதல் இரண்டு மணி நேரத்தை அன்றைய கடினமான ஒரு வேலைக்கு ஒதுக்குவோம். அவ்வேளையிலே தொலைபேசி அடுத்த அறையில் கிடக்கட்டும். வருவோரைக் காண நேரம் குறித்து, அந்நேரத்திலே கட்டாயம் நாம் இருப்போம். நேரம் குறியாத சட்டத்தரணியின் வாயிலிலே நாள் முழுதும் ஏழைகள் குந்தியிருப்பதைச் சிலர் பெருமையென்று எண்ணுகின்றனர். அது பெருமையன்று, அநீதி. கமக்கார அமைப்புகளின் வாட்ஸ்அப் குழுவிலே தண்ணீர், உரம், நெல் விலை, காலநிலை தவிர வேறொன்றும் இடுவதில்லை என்றும், காலையும் மாலையும் மட்டுமே அறிவித்தல் என்றும் ஊரே தீர்மானிக்கட்டும். துருசு பூட்டும் நாளைத் தீர்மானிக்கும் ஊருக்கு இது பெரிய காரியமா?

இவை சிறிய காரியங்கள். உரிமைப் போராட்டம் நடத்தவேண்டிய இனம் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதா என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு நமது விடை இது. கொழும்பு நமது நாளைக் களவாடுகின்றது என்று முழங்கும் நாம், நமது சொந்த மேடையிலே நமது மக்களின் காலைப் பொழுதைக் களவாடினால், நமது முழக்கத்தை யார் நம்புவர்? சத்தியாக்கிரகிகள் கச்சேரி வாயிலிலே அமர்ந்தபோது, அவர்களிடம் இருந்த படைக்கலம் ஒழுங்கு ஒன்றே. ஒழுங்கில்லாதவன் உரிமை கேட்கலாம். ஆனால் கேட்டுக்கொண்டேயிருக்க அவனால் முடியாது.

முன் கூறிய ஊரிலே அடுத்த காலபோகக் கூட்டத்துக்கு நம்மை மீண்டும் அழைத்திருக்கின்றனர். காலை 9 மணி என்று அழைப்பு வந்திருக்கின்றது. எட்டே முக்காலுக்கு நாம் அங்கே இருப்போம். அந்த முதியவரை முதலிற் பேசுமாறு கேட்போம். அவர் பேசி முடித்துத் தண்ணீர் முறைக்குப் போகவேண்டுமென்றால், போகட்டும். அவருக்கு வழிவிட்டு நாம் ஒதுங்கி நிற்போம். அவருடைய நாழிகை அவர் கையிலே இருப்பதே நாம் பேசவந்த அரசியல்.